தோல்வியுற்ற கட்சியும் பிரதேசத் தலைமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

சங்க மேடையில் கட்சி அரசியல் பேசலாகாது என்பது நாம் நெடுநாளாகப் போற்றிவரும் வழக்கம். அவ்வழக்கத்தை மீறும்பொருட்டு நாம் இன்று எழுந்தோமல்லோம். எந்தக் கட்சிக்கு ஓட்டளிக்கலாம், எந்தக் கட்சி நல்லது என்று நாம் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. ஆயினும், நம் சமூகத்து வாலிபர்கள் பற்பல கட்சிகளிலும் சேர்ந்து, கொடி கட்டியும் சுவரொட்டி ஒட்டியும் இரவு பகலாய் உழைத்து வருகின்றனர். தங்கள் கட்சி தேர்தலில் தோற்றவுடனே, "இனி இது எழாது" என்று வேறிடந் தேடி ஓடுவோர் ஒரு சாரார். "மேலிடத்திலிருந்து யாரேனும் வந்து சரிசெய்வார்" என்று திண்ணையில் காத்திருப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருங்கே தவறுகின்றனர் என்பது நமது அபிப்பிராயம். தோற்ற கட்சி எழுவதுண்டு. ஆனால் அது தலைநகரிலிருந்து எழுவதில்லை. இதனை நம் அண்டை நாடுகளாகிய ஆந்திரம், கன்னடம், தெலுங்கானா ஆகியவற்றில் காங்கிரஸ் மகாசபை பட்ட பாட்டைக் கொண்டு ஆராய முற்படுகிறோம். காங்கிரஸை எடுத்துக்கொண்டது அதன்மேலுள்ள பற்றினாலன்று. இத்தேசத்தில் அதனைப்போல் பன்முறை தோற்று, பன்முறை எழுந்து, எழுந்த இடத்திலேயே மறுபடியும் வீழ்ந்த கட்சி வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

முதற்கண் ஒரு பழைய செய்தியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 1920ஆம் ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், காந்தியடிகளின் முயற்சியால் ஒரு புதிய அமைப்பு விதியை மேற்கொண்டது. சர்க்கார் வகுத்த மாகாண எல்லைகளைத் தள்ளிவிட்டு, பாஷைவாரியாக மாகாணக் கமிட்டிகளை ஏற்படுத்திக்கொள்வதென்று அதில் தீர்மானமாயிற்று. சர்க்காருக்குச் சென்னை ராஜதானி ஒன்றே. காங்கிரஸுக்கோ தமிழ்நாடு வேறு, ஆந்திரம் வேறு. ஆந்திர ராஜ்யம் பிறந்தது 1953ல். ஆந்திரக் காங்கிரஸ் கமிட்டியோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. நாலணாச் சந்தா கட்டினவன் அங்கத்தினன். அங்கத்தினர் தெரிந்தெடுத்தவர்களைக் கொண்டது கீழ்க் கமிட்டி. அதன்மேல் ஜில்லாக் கமிட்டி, அதன்மேல் மாகாணக் கமிட்டி. 1940ல் காமராஜர் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானது எவரும் அனுப்பிய தந்தியினாலன்று. வாக்கெடுப்பில் நின்று, மிகச் சில வாக்குகள் அதிகம் பெற்றே அவர் அப்பதவியை அடைந்தார். தலைவரைக் கீழேயிருந்தவர்கள் தெரிந்தெடுத்த காலம் அது.

1963ஆம் ஆண்டில் அம்ரோஹா, பரூக்காபாத், ராஜ்கோட் ஆகிய மூன்று லோக்சபைத் தொகுதிகளின் இடைத்தேர்தல்களில் காங்கிரஸ் தோற்றது. கிருபளானி, லோஹியா, மினு மஸானி என்ற மூன்று பெரிய எதிரிகளும் வென்று பார்லிமெண்டில் வந்தமர்ந்தனர். அப்போது காமராஜர் கூறிய யோசனையை யாவரும் அறிவர். ஆறு முதல் மந்திரிகளும் ஆறு மத்திய மந்திரிகளும் பதவியைத் துறந்தனர்; காமராஜரும் அவ்வாண்டு அக்டோபரில் துறந்தார். பதவி துறந்தோர் அனைவரும் கட்சிப் பணிக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பது வேறு விஷயம். அதைப்பற்றி நாம் கிண்டிக் கேட்க வேண்டாம். நாம் இங்கே கவனிக்கவேண்டியது, தோல்விக்கு மருந்து ராஜ்யங்களில் இருக்கிறது என்று அக்காலத்துப் பெரியோர் உணர்ந்திருந்தனர் என்பதே.

அவ்வுணர்வு பின்னர் மறைந்தது. 1972க்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காங்கிரஸில் அமைப்புத் தேர்தல் என்பதே நடைபெறவில்லை. கமிட்டித் தலைவர் முதல் முதல் மந்திரி வரையில் நியமனமே வழக்காயிற்று. நியமிக்கப்பட்டவன் தன்னை நியமித்தவரின் முகத்தைப் பார்ப்பானேயன்றி ஜனங்களின் முகத்தைப் பார்ப்பானா? இதன் பலனை முதலில் அனுபவித்தது ஆந்திரப் பிரதேசம். 1978 முதல் 1983 வரை ஐந்தாண்டுகளுக்குள் சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராம், விஜயபாஸ்கர ரெட்டி என்று நால்வர் முதல் மந்திரிகளாயினர். சட்டசபை அங்கத்தினர்கள் கூடுவதும், ஒரு வரியில் தீர்மானம் செய்து அதிகாரத்தை மேலிடத்திற்கு ஒப்படைப்பதும், மேலிடம் ஒரு பெயரைச் சொல்வதும் சடங்காய்விட்டன. 1982 பிப்ரவரியில், வரவேற்பு ஆடம்பரம் மிகுந்துவிட்டதென்று, முதல் மந்திரி அஞ்சையாவை ராஜீவ் காந்தி பேகம்பேட்டை விமான நிலையத்தில் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். அடுத்த மாதமே, மார்ச்சு 29ந் தேதி, சினிமா நடிகர் என். டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தோற்றுவித்து, தெலுங்கரின் மானமே தமது கொடி என்றார். 1983 ஜனவரித் தேர்தலில் 294 ஸ்தானங்களில் இருநூற்றுக்கு மேல் அவருக்குக் கிடைத்தன. காங்கிரஸுக்கு 60 மிஞ்சிற்று.

இதைப் போன்றதே கன்னட நாட்டுக் கதையும். 1989ல் வீரேந்திர பாட்டீல் தலைமையில் காங்கிரஸ் 224ல் 178 ஸ்தானங்களை வென்றது. மறு ஆண்டு அக்டோபரில், அவர் நோயுற்றுக் கிடந்த சமயத்தில், அவரை மாற்றப்போகும் செய்தி பெங்களூர் விமான நிலையத்திலேயே வெளியிடப்பட்டது. 1994ல் காங்கிரஸ் பெற்றது 34. காங்கிரஸுக்கும் விமான நிலையங்களுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம விரோதம் இருக்கிறது போலும்!

இங்கே நம் சகோதரர் சிலர் ஒரு கேள்வி கேட்பது நிச்சயம். "இவையெல்லாம் ஜாதிக் கணக்குத்தானே? பாட்டீலை நீக்கியதால் லிங்காயத்தார் கோபித்தனர், அவ்வளவே" என்பார்கள். ஜாதிச் சங்கத்தின் மேடையில் நின்றுகொண்டு ஜாதிக் கணக்கு என்ற ஒன்றே இல்லையென்று நாம் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். இருக்கிறது, பாட்டீல் விஷயத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் ஆந்திரத்தைப் பாருங்கள். 1989ல் காங்கிரஸ் அங்கே மறுபடி பதவிக்கு வந்தது. ஐந்தாண்டில் சென்னா ரெட்டி, ஜனார்த்தன ரெட்டி, விஜயபாஸ்கர ரெட்டி என்று மூன்று முதல் மந்திரிகளை மேலிடம் மாற்றிற்று. மூவரும் ஒரே சமூகத்தார். ஜாதிக் கணக்கு ஒன்றே போதுமாயின் குறை ஏதும் வந்திருக்கலாகாது. ஆயினும் 1994ல் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 26 ஸ்தானங்களே. அதற்குப் பத்தாண்டு கழித்து அதே சமூகத்தைச் சேர்ந்த மற்றொருவர் அதே கட்சியை 185 ஸ்தானங்களுக்கு உயர்த்தினார். ஜாதி மாறவில்லை, தலைவர் வந்த வழி மாறிற்று. ஆகவே ஒரு சமூகத்தானை நாற்காலியில் அமர்த்திவிட்டால் அச்சமூகத்தின் ஓட்டு முழுவதும் மூட்டையாகக் கட்டி வந்துசேரும் என்று நம்மவரில் சிலர் பேசித் திரிவது வீண் பேச்சு என்று நாம் துணிந்து கூறுவோம்.

அந்த மற்றொருவர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி. கடப்பை ஜில்லாப் புலிவெந்தலையைச் சேர்ந்தவர், வைத்தியம் படித்தவர். 1978ல் முதன்முறை சட்டசபைக்குச் சென்றவர். கடப்பையிலிருந்து நான்கு முறை லோக்சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர். கட்சியில் கோஷ்டிச் சண்டைக்குப் பெயர்போனவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் மந்திரிகளோடு அவர் போட்ட சண்டைகள் பல. 1999ல் காங்கிரஸ் 91 ஸ்தானங்களோடு தோற்றபின் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார். எதிரே இருந்தவர் சந்திரபாபு நாயுடு. ஹைதராபாத்தைக் கம்பியூட்டர் நகரமாக்கினவரென்று உலகமெங்கும் கொண்டாடப்பட்டவர். கிராமங்களிலோ அடுத்தடுத்து மழை பொய்த்தது. மின்சாரக் கட்டண உயர்வு பம்புசெட்டு வைத்த குடியானவனை வாட்டியது. கடன் தாளாமல் உழவரும் நெசவாளரும் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்த வண்ணமிருந்தன.

2003 ஏப்ரல் 9ந் தேதி ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள சேவெள்ளையிலிருந்து அவர் நடக்கத் தொடங்கினார். கத்திரி வெயில். ராஜமகேந்திரவரத்தை யடைந்தபோது நோயுற்றுச் சில நாள் படுத்தார். எழுந்து மறுபடி நடந்தார். இரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் கடந்து, ஜூன் மாதத்தில் ஒரிஸா எல்லையிலுள்ள இச்சாபுரத்தில் யாத்திரையை முடித்தார். அவர் நடந்தபோது தேர்தல் எதுவும் அறிவிக்கப்படவில்லை; அபேட்சகர் பட்டியல் எதுவும் தயாராயில்லை; கொடுப்பதற்கு அவர் கையில் ஒரு பதவியுமில்லை. ஆகையால் அவரோடு நடந்தவர்கள் பதவிக்காக நடக்கவில்லையென்று கொள்ளலாம். (பிற்பாடு சிலருக்குக் கிடைத்தது, அது மனித சுபாவம்.) வழிநெடுகிலும் உறங்கிக் கிடந்த ஜில்லாக் கமிட்டிகள், தலைவர் வருகிறார் என்பதற்காகவாவது விழித்தெழ வேண்டியிருந்தது. எந்த ஊரில் எவன் உண்மையில் ஆள் சேர்க்க வல்லவன், எவன் காகிதத்தில் மட்டும் காரியதரிசி என்பது அறுபது நாள் நடையில் ஒருவனுக்குத் தெரிவதுபோல் அறுபது வருஷம் அலுவலகத்தில் அமர்ந்திருந்தாலும் தெரியாது.

2004ல் தெலுங்கானா ராஷ்டிர சமிதியோடும் இடதுசாரிகளோடும் உடன்பாடு செய்துகொண்டு நின்ற காங்கிரஸுக்கு 185 ஸ்தானங்கள் கிடைத்தன. தெலுங்கு தேசத்திற்கு 47. லோக்சபைக்கு ஆந்திரம் அளித்த 42 பேரில் 29 பேர் காங்கிரஸார். டில்லியில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்ததற்கு இதுவும் ஒரு பெருங்காரணம். அவ்வாண்டு மே 14ல் பதவிப் பிரமாணம் செய்துகொண்ட ராஜசேகர ரெட்டி முதன்முதலாகக் கையெழுத்திட்டது விவசாயத்திற்கு இலவச மின்சாரம் அளிக்கும் உத்தரவில். 2009ல் தனித்து நின்றும் 156 ஸ்தானங்களையும் 33 லோக்சபை ஸ்தானங்களையும் பெற்றுக் கொடுத்தார். இவ்வைந்தாண்டுகளில் மேலிடம் அவரை மாற்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைநகரம் செய்யக்கூடிய பேருதவி, செய்யாமலிருப்பதே என்று சில சமயங்களில் நமக்குத் தோன்றுவதுண்டு.

இனி இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 செப்டம்பர் 2ந் தேதி நல்லமலைக் காட்டில் ஹெலிகாப்டர் வீழ்ந்து அவர் மாண்டார். அன்று தெரிந்தது, அவர் கட்சியை எழுப்பினாரேயன்றி, தமக்குக் கீழே எழுப்பிய கட்டடத்திற்குத் தம் தோளைத் தவிர வேறு தூண் வைக்கவில்லை என்பது. சட்டசபைக் கட்சியினரில் மிகப் பலர் அவர் குமாரர் ஜெகன்மோகனையே முதல் மந்திரியாக்க வேண்டினர். மேலிடம் இசையவில்லை; ரோசையாவையும், பின்னர் கிரண்குமார் ரெட்டியையும் நியமித்தது. தகப்பனார் பதவி பிள்ளைக்கு என்பது குடியாட்சிக்குப் பொருந்தாது என்று நாமும் சொல்வோம். ஆனால் அந்த நியாயத்தை டில்லி மேலிடம் எடுத்துரைத்தபோது கேட்டவர்கள் புன்னகை செய்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜெகன் 2010 நவம்பரில் வெளியேறி 2011ல் தனிக் கட்சி கண்டார். தொண்டர்களும் கமிட்டிகளும் அவர் பின்னே போயினர். ராஜ்யப் பிரிவினையின் கோபமும் சேர்ந்துகொள்ள, 2014ல் எஞ்சிய ஆந்திரத்தின் 175 ஸ்தானங்களில் காங்கிரஸ் ஒன்றுகூடப் பெறவில்லை. 2019லும் ஒன்றுமில்லை.

தலைமை ஒருவர் கையில் திரண்டால் கட்சி எழுகிறது. அவர் கையிலேயே முடிந்துபோனால் அவரோடு மாய்கிறது. இச்சிக்கலுக்கு முழு விடை கண்டவர் எவருமில்லை. ஓரளவு கண்டது கன்னட நாடு என்று நினைக்கிறோம்.

அங்கே 2018ல் காங்கிரஸ், பாரதிய ஜனதாவினும் மிகுதியான ஓட்டுகள் பெற்றும் 80 ஸ்தானங்களோடு நின்றது. ஜனதா தளத்தோடு கூடி அமைத்த கூட்டு மந்திரிசபை, அங்கத்தினர்களின் ராஜிநாமாக்களால் 2019 ஜூலையில் கவிழ்ந்தது. அதற்குச் சற்றுமுன் நடந்த லோக்சபைத் தேர்தலில் 28ல் ஒன்றே கிடைத்தது. டிசம்பரில் நடந்த 15 இடைத்தேர்தல்களில் இரண்டில் மட்டுமே வெற்றி. தலைவர்கள் ராஜிநாமா செய்தனர். 2020 மார்ச்சில் டி. கே. சிவகுமார் பிரதேச காங்கிரஸ் கமிட்டித் தலைவராக நியமிக்கப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர் அமலாக்க இலாகாவினரால் கைதாகி ஐம்பது நாள் காவலிலிருந்து ஜாமீனில் வெளிவந்திருந்தார்; அவ்வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டு 2024ல் ரத்து செய்தது. கொள்ளைநோயின் காரணமாக ஜூலையில்தான் முறைப்படி பதவியேற்க முடிந்தது. சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவர் சித்தராமையா. இவ்விருவருக்கும் முதல் மந்திரிப் பதவியின்மேல் கண் இருந்ததை ஊரறியும். இருவரும் அதனை மறைத்ததுமில்லை.

2022 ஜனவரியில் சிவகுமார் மேகதாட்டு அணைக்காகப் பாத யாத்திரை தொடங்கினார். அந்த அணை நமக்குக் காவேரித் தண்ணீரைக் குறைக்கும் என்பதால் தமிழ்நாடு எதிர்த்து வருவது. அதன்பொருட்டு நடந்த யாத்திரையை நாம் புகழ முடியாது. ஆனால் பகைவனிடத்தும் பாடம் கற்கலாமன்றோ? கொள்ளைநோயால் நான்கைந்து நாளில் நின்ற யாத்திரையைப் பிப்ரவரியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தார்கள். பின்னர், வேலைகளுக்கு நூற்றுக்கு நாற்பது கமிஷன் என்று ஒப்பந்தக்காரர்கள் எழுப்பிய புகாரைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு விடாமல் பேசினார்கள். 2023 தொடக்கத்தில் தலைவர் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் புறப்பட்டு, பிறகு ஒருவர் வடக்கும் ஒருவர் தெற்குமாகப் பிரிந்து சென்றனர். ஐந்து வாக்குறுதிகளை அச்சிட்டு, இருவரும் கையெழுத்திட்ட சீட்டை வீடுதோறும் கொடுத்தனர். தேர்தல் தேதி அறிவிக்கப்படுமுன்பே, மார்ச்சு 25ல், 124 அபேட்சகர்களின் முதற் பட்டியல் வெளிவந்துவிட்டது. கடைசி நாள் வரையில் பட்டியலை மடியில் கட்டிக்கொண்டு திரிவதே காங்கிரஸின் பழைய வழக்கம் என்பதை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாறுதல் என்று புரியும். மே மாதத்தில் 135 ஸ்தானங்கள் கிடைத்தன. பாரதிய ஜனதாவுக்கு 66, ஜனதா தளத்திற்கு 19. இருவருக்குமிடையே இருந்த போட்டி அழியவில்லை. முடிவு வந்தபின் யார் முதல் மந்திரி என்று டில்லியில் சில நாள் இழுபறி நடந்தது. ஆனால் வெற்றி வரும்வரையில் அப்போட்டி வேலையில் காட்டப்பட்டது, பத்திரிகையில் காட்டப்படவில்லை.

தெலுங்கானாக் கதை இன்னும் விசித்திரமானது. 2018ல் காங்கிரஸுக்கு 119ல் 19 ஸ்தானங்கள். மறு ஆண்டே அவர்களில் 12 பேர் ஆளுங்கட்சியில் ஐக்கியமாயினர். 2021 ஜூனில் பிரதேசத் தலைவராக நியமிக்கப்பட்ட ரேவந்த் ரெட்டி, தெலுங்கு தேசத்திலிருந்து 2017ல் வந்தவர். முப்பது வருஷம் மூவர்ணக் கொடியைத் தூக்கிய எங்களை விட்டு நேற்று வந்தவனுக்கா என்று மூத்தோர் குமுறினர். அவர் தலைமையேற்ற சில மாதங்களில் ஹுஜூராபாத் இடைத்தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டுகள். 2022ல் முனுகோடு என்ற தன் சொந்த ஸ்தானத்தையும் இழந்து ஜாமீன் தொகையையும் பறிகொடுத்தது. இந்நிலையில் வேறெந்தக் காலமாயிருந்தாலும் மேலிடம் ஆளை மாற்றியிருக்கும். மாற்றவில்லை. டில்லியின் பொறுப்பாளர்கள் மாறினர் (அவர்களில் நம் விருதுநகர்த் தொகுதி அங்கத்தினர் மாணிக்கம் தாகூரும் ஒருவர்), தலைவர் மாறவில்லை. அதே சமயத்தில் சட்டசபைக் கட்சித் தலைவர் பட்டி விக்கிரமார்க்கா 2023ல் ஆதிலாபாத்திலிருந்து கம்மம் வரையில் நூறு நாளுக்கு மேல் தாமும் நடந்தார். டிசம்பரில் 64 ஸ்தானங்கள் பெற்றுக் காங்கிரஸ் ஆட்சியமைத்தது.

பஞ்சாபில் இதன் மறுபுறத்தைக் காணலாம். அமரீந்தர் சிங்கின் தலைமையில் 2017ல் 117ல் 77 பெற்ற கட்சி, தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், 2021 செப்டம்பரில் அவரைப் பதவியிலிருந்து இறங்கச் செய்தது. மறு ஆண்டு கிடைத்தவை 18. அமரீந்தர் குறையற்றவர் அல்லர். அவரை எளிதில் காண முடியாதென்ற குறை கட்சிக்காரருக்கே இருந்தது. குறையை நான்காண்டு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் ஆண்டில் சிகிச்சை தொடங்கியதுதான் பிழை.

நம் வாலிபர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்கள் கட்சி தோற்றால், அடுத்த தேர்தல் வரையில் உங்கள் ஜில்லாவில் யார் ஊர் ஊராய்ப் போகிறார் என்று பாருங்கள். தலைவர் பெயர் எங்கே அறிவிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டாம். நம் சங்கத்தையும் இந்தச் சமயத்தில் நினைக்கிறோம். கிளைச் சங்க நிர்வாகஸ்தர்களைத் தலைமைச் சங்கமே நியமிக்கும் வழக்கம் நம்மிடத்திலும் புகுந்துவிட்டது. கிளைகளிலிருந்து வரவேண்டிய மாதக் குறிப்புகள் இப்பத்திரிகைக்கு ஏன் வருவதில்லை என்று ஆசிரியர் வருந்துவது இதனோடு சம்பந்தமற்றதன்று. வருகிற மகாநாட்டில் இதைப்பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். அதனை ஆதரிப்பவர்கள் இப்பொழுதே தங்கள் பெயரைத் தரலாம்.

ஆந்திரத்தில் பின்னர் நடந்ததைச் சொல்லி அமர்கிறோம். 2024 ஜனவரியில் காங்கிரஸ் தன் பிரதேசத் தலைமையை ராஜசேகர ரெட்டியின் குமாரத்தி ஷர்மிளாவுக்கு அளித்தது. தமையன் ஜெகன் அப்போது முதல் மந்திரி. தங்கை எதிர்க்கட்சித் தலைவி. தந்தை நான்கு முறை வென்ற கடப்பை லோக்சபைத் தொகுதியிலேயே நின்றார். மூன்றாம் இடம் பெற்றார். சட்டசபையில் 175க்குக் காங்கிரஸ் பெற்றது இம்முறையும் ஒன்றுமில்லை. சேவெள்ளையிலிருந்து இச்சாபுரம் வரையில் 2003ல் அவரோடு நடந்தவர்கள் பலர் இன்று மூன்று நான்கு கட்சிகளில் பிரிந்து கிடக்கிறார்கள்.

கேள்விகள் இருப்பின் சகோதரர்கள் கேட்கலாம்.